நாலு நாளில் நடக்கலாம்

எங்கள் வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் பதினெட்டு அடி. டேப் வைத்து அளந்திருக்கிறேன். புகாரில் அளவைக் குறித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று நம்பிய காலம் எனக்கும் ஒன்று இருந்தது.

டெல்லியில், சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸ். கட்டும்போது போட்ட கான்கிரீட் பாதை முப்பது வருஷத்தில் பொரிந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஓரத்து வேப்பமரத்தின் வேர் அடியில் புகுந்து நடுவில் ஒரு துண்டை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தது. எழுபத்தொன்பது பிப்ரவரியில் என் மனைவி செல்லம்மாள் காய்கறி வண்டியைப் பிடிக்க ஓடியவள், அதில் இடறி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். ஆறு மாதத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். வாசலில் மட்டும் கால் வைக்க முடியாது. வாக்கரின் நாலு காலும் ஒரு நேரத்தில் தரையில் பதிய அங்கே இடமே இல்லை.

அவள் ஆசைப்பட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கேட் வரை தானாக நடந்து போக வேண்டும். கத்திரிக்காயைத் தன் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். வண்டிக்காரனோடு சண்டை போட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நான் ஆபீஸ் போய்விட்டால் சாயங்காலம் வரை அவள் வாயைத் திறக்க அந்தச் சண்டை ஒன்றுதான் இருந்தது. ஜன்னலில் இருந்து, "பையா, யே கல் கா ஹை" என்று திருநெல்வேலி ராகத்தில் கத்துவாள். நேற்றைய காய் என்று அவள் சொல்வது அவன் காதில் விழாதது போலவே இருக்கும். வதங்கியதைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போவான்.

"நான் நேர்ல நிக்க மாட்டேன்னு தெரிஞ்சுகிட்டான் பாத்தீங்களா" என்பாள். "ஒரு நாள் நடந்து போயி அவன் முன்னால நிக்குதேன், இருக்கட்டும்."

காலனியின் பராமரிப்புக்கு ஒரு என்கொயரி ஆபீஸ் உண்டு. அங்கே ஒரு தடித்த ரிஜிஸ்தர். புகாரை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பதினோரு தடவை எழுதினேன். பாதை ஒரு பிரிவைச் சேர்ந்தது, மரம் இன்னொரு பிரிவைச் சேர்ந்தது, வேர் யாரைச் சேர்ந்தது என்று முடிவாக எட்டு மாதம் ஆயிற்று. முடிவானபோது சிமெண்ட் இல்லை. அந்த வருஷங்களில் சிமெண்ட் பர்மிட் சரக்கு, கல்யாணத்துக்கு ரேஷனில் வாங்கும் சர்க்கரை மாதிரி எழுதி வாங்க வேண்டும். கவுண்டரில் இருந்த ஆள் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்காமல், "ஹோ ஜாயேகா" என்றான். ஆகிவிடுமாம்.

அவன் மேல் எனக்குக் கொலை வெறி வந்தது உண்மை. ஆனால் எந்த வாயால் திட்டுவது? நானே அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஊரான் விண்ணப்பங்களின் ஓரத்தில் இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு காகிதம் எத்தனை நாள் தூங்கும் என்று கவுண்டர்க்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எண்பது நவம்பரில் ஒரு காலை, தர்மனும் அவன் மனைவி அருக்காணியும் கடப்பாறை, மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். சேலம் பக்கத்துக் கூலிக்காரர்கள். குடிசைக் காலனியில் இருந்து வேலைக்கு வருகிறவர்கள். தமிழைக் கேட்டதும் செல்லம்மாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவர்கள் பழைய கான்கிரீட்டைப் பெயர்த்து, வேரை வெட்டி, ஜல்லி பரப்பி, இரண்டாம் நாள் சாயங்காலம் புதுக் கான்கிரீட் போட்டு மேலே சிமெண்ட் பூசி மெழுகிவிட்டார்கள். பதினெட்டு அடியும் தோசைக்கல் மாதிரி சமமாக இருந்தது.

செல்லம்மாள் படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏட்டி, அந்த ஆணியக் குடு" என்றாள்.

"எதுக்குங்கம்மா?"

"ஒரு கோலம் போட்டுக்கிடுதேன். குனிஞ்சு போட்டு ரெண்டு வருசம் ஆகப் போகுது."

அருக்காணி புருஷனைப் பார்த்தாள். "ஈரத்துல போட்டா அப்புறம் அழிக்க முடியாதுங்கம்மா" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

"அழியாம இருக்கணும்னுதானே போடுதேன். தினம் குனிய முடியாதவ ஒரு தடவ போட்டா போதும்லா."

அருக்காணி என்னைப் பார்த்தாள். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. "போடட்டும்மா, குடு" என்றேன். குச்சி நுனியில் ஆணியைக் கட்டிக் கொடுத்தாள். செல்லம்மாள் முக்காலியில் இருந்தபடியே படிக்குக் கீழே ஏழு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டாள். கடைசி வளைவை மூடும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அருக்காணி சொன்னாள்: "தண்ணி மட்டும் காயாம பாத்துக்கங்க சார். நாலு நாள்ல நடக்கலாம்."

நான் நாலு நாளை ஒப்புக்கொள்ளவில்லை. பதினோரு புகார் எழுதி வாங்கிய சிமெண்ட் இது. ஒரு கீறல் விழுந்தால் பன்னிரண்டாவது புகார், இன்னொரு இரண்டு வருஷம். சுற்றிலும் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினேன். பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். பால்காரனைக் கேட்டிலேயே நிறுத்தினேன். தண்ணீருக்கு அடியில் அவள் கோலம் மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் வாக்கரோடு வாசலில் நின்றாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"வண்டிக்காரன் வார நேரம். போயிட்டு வந்துருதேன்."

"பத்து நாள் ஆகட்டும்."

"அவ நாலுன்னாளே."

"அவ சொல்லுவா. விரிசல் விட்டா அவளா வந்து ரிஜிஸ்தர்ல எழுதப் போறா?"

அவள் செருகிய புடவையை இழுத்துவிட்டாள். "சரி, ரெண்டு வருசம் இருந்தாச்சு. இன்னும் அஞ்சு நாளுதானே" என்று திரும்பிப் போனாள். வாக்கர் தரையில் தட்டும் சத்தம் அடுக்களை வரை கேட்டது.

எட்டாம் நாள் காலை எட்டு மணிக்குக் காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்தவள், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்து மணிக்குக் காலனித் தமிழர்கள் கூடிவிட்டார்கள். பூவராகவன் முன்னால் நின்று எல்லாம் கவனித்தார். பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர், யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் கூப்பிடாமலே வந்து நிற்பவர். வரப்பை உடைத்துத் தண்ணீரை வடியவிட்டவர் கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பரமசிவம், எழவு வீட்டு வாசல்ல கோலம் இருக்கக்கூடாதே. இது மேல எப்படிப் பாடைய எடுக்கறது?"

அப்போதுதான் அருக்காணி சொல்லாமல் விழுங்கியது எனக்கு விளங்கியது. தினமும் போடும் கோலத்துக்கு ஒரு வசதி உண்டு. போடக்கூடாத நாளில் போடாமல் இருக்கலாம்.

யாரோ சாணி கரைத்து ஊற்றினார்கள். கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. சாக்கைப் போட்டு மூடலாம் என்றார் ஒருவர். மூடினால் இல்லை என்று ஆகிவிடுமா என்றார் இன்னொருவர். கொத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, நான் கோலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். உட்கார மட்டும்தான் முடிந்தது.

அடுத்த தெருவில் வேலையாக இருந்த அருக்காணிக்கு ஆள் போயிற்று. வந்தவள் பின்வாசல் வழியாக உள்ளே போய்ச் செல்லம்மாளின் காலைத் தொட்டுவிட்டு வந்தாள். "கொத்த வேணாம் சார். அடைச்சு விட்டுர்றேன்" என்றாள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு டம்ளர் சிமெண்ட். போதவில்லை. தீபாவளிக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பைக் கலந்து குழைத்து, விரலாலேயே கோடுகளுக்குள் நிரப்பினாள். அவள் விரல் செல்லம்மாள் போட்ட வளைவுகளின் வழியே ஒவ்வொன்றாகப் போய்வந்தது. ஈரத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாயிற்று. கோலம் இல்லை. பூவராகவன் தலையாட்டினார்.

அந்தப் பதினெட்டு அடியையும் முதலில் முழுதாக நடந்து கடந்தவர்கள், அவளைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேர். ஒரு கீறல் விழவில்லை. ஐந்தாம் நாளே அவள் நடந்திருக்கலாம்.

அடைத்தது காயக் காய நிறம் மாறிற்று. சுண்ணாம்பு சேர்ந்ததல்லவா. அவள் போன பத்தாம் நாளுக்குள் அத்தனை கோடும் மாவில் போட்டது போல வெள்ளையாக வெளியே வந்துவிட்டது. முன்னால் பள்ளமாக மட்டும் இருந்த கோலம், இப்போது தெருவிலிருந்தே தெரிந்தது. காலையில் கதவைத் திறந்தால் அவள் அப்போதுதான் போட்டுவிட்டு உள்ளே போனது போல இருக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது. அதைப் பார்க்க முடியாமலும் இருந்தது. பின்வாசல் வழியாகவே போய்வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பூவராகவன் வாசலில் நின்றுவிட்டார். "வருஷம் திரும்பற வரைக்கும் இது இருக்கப்படாது. நாலு பேர் வந்துபோற வீடு. இதைப் பெயர்த்துட்டு வேற போடச் சொல்லி எழுதிக் குடுங்க" என்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள், வெள்ளைக் காகிதமும் பேனாவும் அவரே கொண்டுவந்தார்.

மறுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தேவையும் இல்லை என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தால் அவர் வாய் மூடும். காகிதம் எப்படியும் இரண்டு வருஷம் தூங்கும். அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு காகிதத்தின் தூக்கத்தை நம்பி நான் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான். என்கொயரி ஆபீஸுக்கும் நானே போய் ரிஜிஸ்தரில் எழுதினேன். கவுண்டர்க்காரன், "ஹோ ஜாயேகா" என்றான். அந்தச் சொல் முதல் தடவையாக எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை கேட்டில் சத்தம் கேட்டது. தர்மனும் அருக்காணியும் நின்றார்கள். கூடவே ஒரு ஓவர்சீயர். அவர்களுக்குப் பின்னால் பூவராகவன்.

"பாத்தீங்களா, மூணே நாள்" என்றார். முகத்தில் நிஜமான கருணை. "இன்ஜினியர் நமக்குத் தெரிஞ்சவர்தான். நேத்து ஒரு போன் போட்டேன். உடனே அனுப்பிட்டார்."

ஒரு போன். பதினோரு புகார், பதினெட்டு அடி, இரண்டு வருஷம், ஜன்னலில் நின்று அவள் கத்திய கத்தல் எல்லாம் ஒரு போன் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் அவரைக் கேட்டதில்லை, அவருக்குத் தோன்றியதில்லை. அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் காரியத்துக்கு என்னைவிட அதிகமாக ஓடியவர் அவர். "ரொம்ப உபகாரம் சார்" என்றேன். என் வாய்தான் அதைச் சொல்லிற்று.

அருக்காணி என் அருகில் வந்து தணிந்த குரலில், "வேண்டாம்னா சொல்லுங்க சார், போயிர்றோம்" என்றாள்.

வேண்டாம் என்று நான் ஓவர்சீயரைப் பார்த்து ஆரம்பித்தேன். அவன் காகிதத்தை நீட்டினான். "தஸ்கத் ஆப்கா ஹீ ஹை நா?" என் கையெழுத்துதான். பரமசிவம் என்று இங்கிலீஷில், கீழே கோடிழுத்து, தேதி போட்டு. ஒரு குறையும் சொல்ல முடியாத விண்ணப்பம்.

அப்போது காய்கறி வண்டியின் மணி கேட்டது. நான் படியிறங்கினேன். கோலத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பதினெட்டு அடியையும் அவள் போன பிறகு முதல் தடவையாக நடந்தேன். கேட்டில் நின்று கத்திரிக்காய் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். நல்லதா வதங்கலா என்று எனக்கு எங்கே தெரியும்? வண்டிக்காரன் விலை சொன்னான். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

பின்னால் கடப்பாறை விழும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. அருக்காணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட் வரை வந்தாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கும்.

"வருத்தப்படாதீங்க சார்" என்றாள். "புதுசு போட்டு நாலே நாள்ல நடக்கலாம்."