தம்பிதுரையின் முதுகு

உச்சந்தலையில் எண்ணெயும் அரப்புத்தூளும் வைத்து, நஞ்சுண்டன் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அக்கா பாப்பாயியின் வீட்டு வாசலில், பெஞ்சின் மேல் தம்பிதுரை மல்லாந்து கிடந்தான்.

"மேலுக்கு ஊத்துனாப் போதுமுங்க. படுக்கைல கெடந்த ஒடம்பு, திருப்ப வேண்டாம்," என்றார் பெரிய பங்காளி. மறைப்புக்கு வேட்டி பிடித்திருந்தவர்கள் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

பாப்பாயி அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். சிறுவயதுக் காய்ச்சலில் நடையும் பேச்சும் போன தம்பி, இன்று விடியலில் போய்விட்டான்.

நான்கு வருஷத்துக்கு முன்பு ஆனைமலைக் கோயில் நோம்பிக்குப் போனவள், அண்ணன் நஞ்சுண்டன் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையின் வெளித்தாழ்ப்பாளை நீக்கினாள். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் புழு. அதற்கு முன் இரண்டு தடவை, 'தூங்கறான் அம்மணி' என்று அண்ணி சொன்னதை நம்பித் திரும்பியிருந்தாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள்.

"ஆரு மேலம்மா புகார்?"

"எங்கண்ணன் மேலதானுங்க."

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். பிறகு அவள் வீடு. கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தம் விலகியது. "பங்கு நெலத்துக்குத் தூக்கிட்டுப் போறா. இவ வெச்சுப் பாப்பாளாக்கும்!" என்று இதே பெரிய பங்காளிதான் சொன்னார்.

உள்ளே அலாரம் அடித்தது.

"அதென்னுங்க இந்நேரத்துல?" என்று கேட்டார் வேட்டி பிடித்திருந்த ஒருவர்.

"தம்பியைத் திருப்பிப் படுக்க வெக்கறதுக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியும்தான்," என்றாள் பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா. "அக்கா ஒருபக்கம் பிடிக்கும், நான் ஒருபக்கம்."

உயிர் போன பிறகும், காலை பத்து மணிக்குப் பாப்பாயி பழக்கத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்திருந்தாள்.

அவள் பெஞ்சருகே வந்தாள்.

"நேரமாச்சுங்கண்ணா. திருப்புங்க."

நஞ்சுண்டன் தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பினார். பிடித்திருந்த வேட்டி தாழ்ந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய தழும்பு ஒன்று. மற்றபடி ஒரு கீறல் இல்லை. நேற்றுப் போட்ட பவுடர் இடுப்பு மடிப்பில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

பெரிய பங்காளி கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இங்க வந்து எத்தன வருசம்?"

"நாலு வருசமுங்க," என்றாள் பாப்பாயி, வாசல் முழுக்கக் கேட்கும்படி.

அலாரம் சாவி தீர்ந்து நின்றது. நஞ்சுண்டன் அரப்பை எடுத்து முதுகைத் தேய்த்தார். தழும்பருகே வந்ததும் கை நின்றது. அதைச் சுற்றிச் சுற்றியே தேய்த்தார்.

பாப்பாயி இன்னொரு சொம்பு மொண்டு நீட்டினாள்.

"அங்கயும் தேயுங்கண்ணா. அது ஆறி ரொம்ப நாளாச்சு."