அந்தத் துவாய்க் காட்சி

"அப்பா, பிடிக்காத படத்த ஏன் கடைசி வரைக்கும் பாத்தீங்க?"

பொன்னையாவின் மகள் ஞானேஸ்வரி ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்டது ஒரு போயா நாள் பின்னேரம். ஞாயிறு வேலைநாளாகி, நிலவின் பிறையை வைத்துக் கணித்த போயாவே வார விடுமுறையாக இருந்த ஆண்டுகள் அவை. கண்டிக்கு அருகே கெலிஓயாவில், கம்பளை வீதியோரம் இருந்த நீண்ட கட்டடமொன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். போயாதோறும் பொன்னையாவின் முன்னறையில் மூன்று கதிரைகள் நிரம்பிவிடும். ஒன்றில் பொன்னையா, கண்டியில் ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் கிளாக். அடுத்ததில் அதே கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மயில்வாகனம். மூன்றாவதில் கண்டி மார்க்கெட்டில் பீங்கான் கடை வைத்திருந்த ஷிராஸ். மூவரும் சேர்ந்து கிழமைக்கு ஒரு படம் பார்ப்பார்கள். படம் பார்ப்பதில் அவர்களுக்குப் பெரிய சுகம் இல்லை. பார்த்த படத்தைக் கிழித்துப் போடுவதில்தான் சுகம்.

அன்றைக்குக் கிழிபட்டது, மதராஸ் வார இதழொன்றில் தொடராக வந்து எல்லாரும் பேசிய ஒரு நாவலின் படம்.

"கண்டறியாத படம்," என்றார் மயில்வாகனம். "அவன் அழேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கேக்கைதான் அழுகை வந்தது."

"பொம்புள குடிசைல ஈக்கிற ஏழைன்னு செல்றாங்க," என்றான் ஷிராஸ். "கன்னத்துல பூசின பவுடர வித்தா ஊட்டுக்கு ஓடு போடலாம்."

"மாமனார் செத்து மறுநாளு பூந்தோட்டத்துல பாட்டு வச்சானே, அத விட்டுட்டீங்களே," என்றார் பொன்னையா. "புத்தகத்துல இப்படியா இருந்துச்சு?"

"ஓம், அதை நீர்தான் சொல்ல வேணும். எங்களுக்குள்ள புத்தகம் வாசிச்ச ஆள் நீர் ஒருத்தர்தானே," என்றார் மயில்வாகனம்.

பொன்னையா காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் துவாய் குடுக்கிற எடம். கதையோட உசுரே அங்கதான் இருக்கு. வீட்ட விட்டு ஓடிப்போன புருசன் பல வருசம் கழிச்சு மழைல வந்து வாசல்ல நிக்கிறான். பொஞ்சாதி ஒரு வார்த்தை கேக்காம தல துவட்டத் துவாய நீட்டுறா. அந்த எடத்தையே வெட்டி எறிஞ்சுட்டான்யா! மழை பெய்யுது, கதவு தொறக்குது, முடிஞ்சுபோச்சு. இதை எடுத்தவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவாவது தெரியுமா?"

அப்போதுதான் கதவோரம் நின்ற பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"காசு குடுத்தாச்சு, பிள்ளை," என்றார் மயில்வாகனம். "இடையில எழும்பி வந்தா தியேட்டர்காரனுக்கெல்லோ லாபம்!"

மூவரும் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றை மட்டம் தட்டுவதற்கு அறிவு அதிகம் வேண்டியதில்லை; குரல் இருந்தால் போதும். பொன்னையாவுக்கு நல்ல குரல். ஆனால் அந்த நாவலின் ஒரு வரியைக்கூட அவர் கண்ணால் வாசித்ததில்லை. தொடர்கதை வாசிப்பது வேலையற்றவர்களின் வேலை என்று பலர் முன்னால் சொல்லிவிட்டிருந்ததால், இதழை வாங்கிக் கையில் பிடிக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

கதை அவருக்குக் காது வழியாக வந்தது. அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது பலகைத் தடுப்புதான். அதுவும் கூரை வரை எட்டாது. பலகைக்கு அந்தப்பக்கம் நளீரும் அவர் மனைவி ஹவ்வா உம்மாவும் குடியிருந்தார்கள். கண்டியில் குடைக்கடை வைத்திருந்த நளீர் அமைதியான மனிதர். ஹவ்வா உம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே இதழ் வரும் கிழமைதோறும் நளீர் மாலை மஃரிப் தொழுதுவிட்டு மனைவிக்கு அந்தத் தொடரை வாசித்துக் காட்டுவார். இந்தப்பக்கம், கந்தோரிலிருந்து வந்த பொன்னையா காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, களைத்தவர்போலப் பலகையோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். இப்படியே முழுக் கதையும் அவருக்குச் சேர்ந்துவிட்டது. பிறகு, தொடரைப் புத்தகமாக வந்தபின் படித்தவர்போல, கந்தோரில் 'நான் வாசித்தபோது' என்று பேசத் தொடங்கினார்.

படம் கண்டிக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன் நளீர் கடையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். ஹவ்வா உம்மா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. கூரை வரை எட்டாத பலகை அந்தக் காலத்திலும் எட்டாமல்தான் இருந்தது. மூன்று கதிரைகளின் பேச்சும் சிரிப்பும் ஒரு சொல் குறையாமல் அவளிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பொன்னையாவின் மனைவி சுந்தரி முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தாள். வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்த ஹவ்வா உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுந்தரி, ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்க வேணாம். அந்தத் துவாய் குடுக்கிற எடத்த மெய்யாவே வெட்டிட்டாங்களா?"

"எனக்கு எங்க ராத்தா தெரியும்? என்னைய எங்க படத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு?"

"அத வாசிக்கக்குள்ள எங்கட அவங்களுக்குக் கொரல் அடைச்சிரிச்சி. தண்ணி குடிச்சிட்டு மறுபடி வாசிச்சாங்க. படம் வந்தா ரெண்டு பேரும் போவோம், இந்த எடத்த எப்பிடி எடுத்தீக்காங்கன்னு பாக்கோணும்னு செல்லிட்டே இருந்தாங்க. இப்ப எனக்குப் போக ஏலா. இத்தா முடியக்குள்ள படமும் போயிரும். அந்த எடம் ஈக்குதுன்னு ஆராச்சும் செல்லிக் கேட்டாப் போதும். இல்லாட்டி, எங்கட அவங்க பாக்க ஆசப்பட்டது ஒலகத்துலயே இல்லாத ஒண்ணு மாதிரி மனசு கெடந்து அடிச்சிக்குது."

சுந்தரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கட ஊட்டுக்காரர்ட்ட இன்னொருக்காக் கேட்டுப் பாருங்களேன்," என்றாள் ஹவ்வா உம்மா. "அவருக்குத்தான் கதை முழுக்கத் தெரியுமே." அவள் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது. "எங்கட அவங்க புத்தகத்த மடில வச்சிட்டு சும்மா ஈப்பாங்க. வாசிங்களேன்னு செல்லுவேன். 'பொறு, பொன்னையா இன்னும் வரல்ல'ம்பாங்க. இங்கால சப்பாத்து கழட்டுற சத்தம் கேட்டாத்தான் தொடங்குவாங்க. கொஞ்சம் சத்தமாவே வாசிப்பாங்க."

"ஐயையோ! அவரு கேட்டுக்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவர் இருமினா இங்க கேக்குதே. ஆருக்கும் செல்ல வேணாம்னாங்க. மனுசன் வெக்கப்படுவாராம்."

அன்று மாலை சுந்தரி எதையும் மறைக்காமல் கணவரிடம் சொன்னாள். ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடியே பொன்னையா உட்கார்ந்திருந்தார்.

"அந்த எடம் படத்துல இருக்கா, இல்லையா?" என்று பலகைக்குக் கேட்காதபடி கேட்டாள் சுந்தரி.

பொன்னையா கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

"மழைல அவன் தாடி கழண்டு ஒரு பக்கமாத் தொங்குச்சு," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அத மயில்வாகனத்துக்கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா வேற காட்சி ஓடுது."

"பாக்காமயா வெட்டிட்டான்னு அந்தக் கத்துக் கத்துனீங்க? புள்ள பாவம், அப்பா கடைசி வரைக்கும் பாத்தாருன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு."

அன்றிரவு பொன்னையா எண்ணிப் பார்த்தார். தன்னைப் பெரிய வாசகனாகக் காட்டிக்கொண்ட ஒவ்வொரு சொல்லும் பலகைக்கு அப்பாலிருந்து வந்தது. கொடுத்தவர் அதைத் தெரிந்தே கொடுத்திருக்கிறார். தனக்காகக் காத்திருந்து கொடுத்திருக்கிறார். ஒரு நாளாவது காட்டிக்கொடுத்ததில்லை.

படம் அடுத்த போயாவோடு மாறிவிடும் என்று சுவரொட்டி சொன்னது. பொன்னையா பல்வலி என்று மயில்வாகனத்திடம் சொல்லி அரைநாள் லீவு எடுத்தார். கிழித்துப் போட்ட படத்தை மறுபடி பார்க்கப் போகிறவனை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குள் நுழைந்தார்.

படம் உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. பவுடர் அப்படியே இருந்தது. பூந்தோட்டத்துப் பாட்டும் அப்படியே இருந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் வசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்பென்றால் அவர்களோடு சேர்ந்திருப்பார். இன்று அந்தப் பேச்சு கூரையில் ஒழுகும் தண்ணீர்போல ஓயாமல் அவர் தலையில் விழுந்தது.

மழை வந்தது. நாயகன் வாசலில் நின்றான். தாடியின் ஒரு பக்கம் பிரிந்தது.

"டேய், தாடியப் புடிடா, ஆத்தோட போகப்போகுது!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். வரிசை முழுதும் சிரித்தது.

போன கிழமை மயில்வாகனத்தின் காதில் தான் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று அன்று அவருக்குத் தோன்றியது. இன்று கேட்டபோது, எந்த வாயிலும் எப்போதும் விளையக்கூடிய பதர் என்று தெரிந்தது. முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்த இடம் முழுவதையும் பார்த்தார்.

போயா காலையில் சுந்தரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். மூன்று பேருமாகப் போவதாகத்தான் பேச்சு.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு," என்றார் பொன்னையா. என்ன வேலை என்று சுந்தரி கேட்கவில்லை.

மற்ற இரண்டு கதிரைகளும் பின்னேரம்தான் நிரம்பும். வீட்டில் வேறு யாருமில்லை. பலகைக்கு அப்பால் ஹவ்வா உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பொன்னையா தன் கதிரையைப் பலகையோரம் நகர்த்தினார். இத்தா இருப்பவளைப் பெயர் சொல்லி அழைப்பது முறையல்ல. அவளிடமிருந்து பதில் எதிர்பார்ப்பதும் முறையல்ல. அவர் எழுந்து, வாசலில் கிடந்த சப்பாத்துகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் சத்தம் கேட்கும்படி வைத்தார். வந்து உட்கார்ந்தார். தனக்குத் தானே பேசுகிறவர்போல, ஆனால் கொஞ்சம் சத்தமாக, தொடங்கினார்.

"அந்த எடத்த வெட்டல. படத்துல இருக்கு. போன போயாவுக்கு நான் சொன்னது பொய்."

தேங்காய் துருவும் ஓசை நின்றது.

"மழை ஊத்துது. அவன் வாசல்ல நிக்கிறான், தல நிமிரல. கதவு பாதி தொறக்குது. அவ பாக்கிறா. ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டா. இனிமே அவ வரமாட்டான்னு நெனைச்சு அவன் படி எறங்குறான். படம் முழுக்க மேளமும் தாளமுமா இருந்துச்சு, ஆனா இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, மழைச் சத்தம் மட்டுந்தான். அப்பதான் கதவிடுக்குல அவ கை வருது. கைய மட்டுந்தான் காட்டுறாங்க. கையில துவாய். பழைய துவாய், ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு, ஆனா அழகா மடிச்சிருக்கு. அவன் போன நாள்லருந்து அவ கிழமைக்குக் கிழம தோச்சு மடிச்சு வச்சிருக்கான்னு பாத்தவுடனே தெரியுது. அவன் அத வாங்கி மூஞ்சியப் பொத்திக்கிறான். அவ கதவ முழுசாத் தொறந்து விடுறா."

தாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நளீர் நானா வாசிச்ச மாதிரியேதான் எடுத்திருக்காங்க," என்று சொன்னபோது அவர் குரல் அடைத்துக்கொண்டது. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்து, அந்த இடத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.

சொல்லி முடித்ததும் கதிரையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வெகுநேரம் கழித்து, பலகைக்கு அப்பால் தேங்காய் துருவும் ஓசை மெதுவாக மறுபடி கேட்டது.