மேட்டுக்கு வராத நல்ல கொசு

பதினோரு வருஷமாக நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டியை மூடு, பூந்தொட்டித் தட்டில் மணல் போடு. கராபா மேட்டில் சுகாதாரக்காரியான என்னைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். ஜுரேமா மட்டும் சொன்னதைக் கேட்பாள். அவள் வீட்டுக் கூரைத் தொட்டியின் மூடி ஒருநாளும் நகர்ந்ததில்லை.

அந்த வருஷம் பிரேசில் முழுக்க டிவியில் நல்ல கொசுப் பேச்சு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததாம்; டெங்குவைப் பரப்பாதாம்; ஊருக்குள் விட்டால் கெட்ட கொசுவின் வம்சமே திருந்திவிடுமாம். செய்தி பொய்யில்லை. அடிக்காதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வண்டி வந்து கொசுவை விட்டது. எனக்கும் ஒரு சட்டை கொடுத்தார்கள், முதுகில் சிரிக்கிற கொசுவோடு. ஆனால் வண்டி அடிவாரத்துத் தார்ரோட்டோடு திரும்பிவிட்டது. எங்கள் மேட்டுக்கு இருப்பது இருநூறு படிகள். வண்டி படியேறுமா?

பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா முடிந்த வாரம் போனால், ஜுரேமா வீட்டுத் தொட்டி திறந்து கிடக்கிறது. கொசுவை அடித்த புருஷனோடு சண்டை வேறு போட்டிருக்கிறாள்.

"என்னடி, மூடிய எடுத்துட்ட?"

"அதுங்க முட்ட போட எடம் வேணாமா, தால்வாக்கா? நீங்கதான சட்ட மாட்டிக்கிட்டு அடிக்காதங்கிறீங்க."

சிரித்தேன். வண்டி மேலே வரவேயில்லை, இங்கே பறப்பது பழைய கொசுதான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கால் வலித்தது, இன்னும் நாற்பது வீடு பாக்கி. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுச் சோதனை அட்டையில் ‘சரி’ போட்டுவிட்டு நடந்தேன். அந்த நாளை வரவேயில்லை.

மார்ச்சில் அவள் மகள் மயாராவுக்குக் காய்ச்சல். எட்டு வயது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, பிழைத்தாள் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் பொல்லாத நாள். மறுநாள் பிள்ளை இல்லை.

ஒரு பிள்ளை செத்த பிறகுதான் அதிகாரிகளின் வரைபடத்தில் எங்கள் மேடு ஏறியது. இனி ஆட்களே நல்ல கொசுக் குப்பிகளைத் தோளில் சுமந்து படியேறுவார்களாம். அதற்கு முன் வீடுதோறும் சம்மதக் கையெழுத்து வேண்டும். வாங்க வேண்டியவள் நான்.

ஜுரேமா தாளை முழுக்கப் படித்தாள்.

"அப்ப எங்க வீட்ல இருந்தது இந்த நல்ல கொசு இல்லையா?"

"இல்ல."

"ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். அதற்குமேல் எனக்குப் பொய் சொல்லத் துணிவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

"அடுத்த வீட்லயாவது சொல்லிட்டுப் போங்க."