கயிற்றுப் புண்

என் அக்காள் புருஷன் வேதாசலத்துக்கு இடுப்பில் வந்தது இன்ன நோய் என்று தெரிவதற்கு முன்னால், மானாம்பதியில் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். சிலர் படை என்றார்கள். அக்காள் பாஞ்சாலி கண்ணேறு என்றாள். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் பெயர் வைக்கத் தெரியும், வைத்தியம்தான் தெரியாது.

மாமா நாள் முழுக்கக் கோவணத்தோடு சேற்றில் நிற்கிற மனுஷன். கோவணம் அவிழாமல் நிற்க அரைஞாண் கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி, இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அது எல்லா ஆம்பிளைக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவருக்கு மட்டும் வலது பக்கம் அந்தக் கறுப்புக்கு நடுவே தோல் வெளுத்து, அரித்து, வெடித்தது. வெடித்தது ஆறவேயில்லை. பூசாரி தாயத்து மந்திரித்துக் கொடுத்தார். அதையும் கொண்டுபோய் அதே கயிற்றில், அதே புண்ணின் மேல் தொங்கவிட்டார்கள். இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் அது. நான் உத்திரமேரூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். வேட்டியில் சீழ்க் கறையோடு மாமா வந்து நின்றதும், புருஷன் பெண்டாட்டி இருவரையும் கையோடு டாக்டர் கிருஷ்ணசாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்து புதிதாக கிளினிக் போட்டிருந்த சின்ன வயதுக்காரர். புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரம் மேடாகத் தடித்திருந்தது.

“முதல்ல இந்தக் கயிறை எடுத்திடணும். உரசிக்கிட்டே இருந்தா ஆறாது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். இப்படியே விட்டா கேன்சர் ஆயிடும்மா” என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார்.

அக்காள் குறுக்கே பாய்ந்தாள். “உசுரோட கீற மனுசனுக்கு அர்ணாக்கவுத்த அறுக்கிறதா? இன்னா டாக்டரே நீ! பொணத்துக்குப் பண்றத என் புருசனுக்குப் பண்ண வர்றியா?”

எங்கள் பக்கத்தில் ஆண் செத்த பிறகுதான் அந்தக் கயிற்றை அறுப்பார்கள். நைந்துபோய் மாற்றும்போதுகூடப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பது வழக்கம். வெறும் இடுப்பாக ஒரு நொடி விட மாட்டார்கள். டாக்டருக்கு அது வெறும் கயிறு. அக்காளுக்கோ அதை அறுப்பதும் தன் தாலியை அறுப்பதும் ஒன்று.

“நீ சொல்லு மாமா” என்றேன்.

“அவ வேணாங்கிறாளே மச்சான்” என்று மாமா வேட்டியை இழுத்துக் கட்டினார். கட்டுக்கடங்காத காளையை ஏரில் பூட்டுகிறவர், பெண்டாட்டி முன்னால் வாய் திறக்க மாட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“அவ்ளோ அக்கறைன்னா உன்னுத அறுத்துக்கினு வா. அப்பறம் எனக்குப் புத்தி சொல்லு” என்றாள் அக்காள்.

நான் அறுத்துக்கொள்ளவில்லை.

அவள் சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் வெந்நீரில் புண்ணைக் கழுவினாள். உரசக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அதனால் பழைய புடவையைக் கிழித்து மெத்தென்று மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்தாள். ஒரு விரலால் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் களிம்பு தடவி, பிறகு கயிற்றை மெதுவாக அதே இடத்தில் இறக்கிவிடுவாள். நானே பார்த்திருக்கிறேன். அதைவிடப் பதமாக ஒரு புண்ணை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது.

இரண்டு மூன்று வருஷத்தில் புண்ணிலிருந்து கோழிக்கொண்டை மாதிரி சதை வளர்ந்தது. தொட்டால் ரத்தம் வந்தது. நாற்றத்துக்குப் பயந்து வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டி, அது கல்லாக இறுகி, கால் வீங்கிய பிறகுதான் சென்னைக்குப் புறப்பட்டோம்.

அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று எழுதிக்கொண்டார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம், “இந்த இடத்தில இது வர்றது ரொம்ப அபூர்வம். நல்லா பார்த்துக்குங்க” என்றார்.

அக்காள் என் காதில் கேட்டாள். “அபூர்வம்னா நல்லதுதானே தம்பி? ஒசத்தியா பாப்பாங்க இல்ல?”

பார்ப்பார்கள் என்றேன். பார்த்தார்கள், போட்டோகூட எடுத்தார்கள்.

கட்டுப் போட வந்த நர்ஸ் கயிற்றை வெட்டப் போனபோது, அக்காள் அவள் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். “வேற யாரும் அறுக்க வேணாம். நானே அறுக்கிறேன்.” கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அறுத்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சா?” என்றார். “அப்ப இனிமே ஆறிடும்.”

டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். உள்ளே பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு இடமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். முதலிலேயே கயிற்றை எடுத்துவிட்டுப் புண்ணையும் வெட்டி எடுத்திருந்தால், அனேகமாகப் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள். எங்களுக்கு வாலும் அகப்படவில்லை.

தை பிறப்பதற்குள் மாமா போய்விட்டார். குளிப்பாட்டும்போது பங்காளி முத்துகிருஷ்ணன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னாடா இது, கவுத்த முன்னியே அறுத்துட்டீங்களா? அதான் ஆளு தங்கல.” அங்கே நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சாவுக்குக் காரணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, தோட்டத்துப் பக்கம் அக்காள் என்னை உட்காரச் சொன்னாள்.

“தம்பி, நீ படிச்சவன். மறைக்காம சொல்லு. நான் அறுத்ததாலதான் போனாரா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல. கவுத்த அறுத்து யாரும் சாவ மாட்டாங்க.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்ல வேலை செய்தேன் என்றுதான் நினைத்தேன். அவள் தலையைக் குனிந்து யோசித்தாள்.

“அப்ப, மொதல்லியே அறுத்திருந்தா?”

கடையில் பொழுதுக்கும் பொய் சொல்கிற வாய்தான் எனக்கு. அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, நீ கெளம்பு” என்றாள்.