டேப்பின் மடித்த நுனி

வீட்டில் அத்தனை பேரும் என் கல்யாணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அண்ணன் ஒருவன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறேன் என்றான். அன்றைக்கென்று அடைமழை. பதிவு அலுவலக வாசலில் நானும் அவரும் மாலையோடு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஃபோன்தான் வந்தது.

“பாதி வழியில கார் வைப்பர் நின்னுடுச்சும்மா. முன்னாடி ஒண்ணுமே தெரியல. என்னை மன்னிச்சிடு.”

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பாவப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன்மேல் எனக்குத் துளிக் கோபம் வரவில்லை. வரக் கிளம்பினானே, அது போதாதா? அதன்பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தக் கார் அரதப் பழசு, உதிரி பாகம் குதிரைக்கொம்பு. அவன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், கார் மோட்டார் தனக்குப் புரியாது என்பான். கார் எலக்ட்ரிக் வேலைதான் என் பிழைப்பு. கொண்டு வா பார்க்கிறேன் என்று நச்சரித்தால், “கிழட்டு வண்டிக்கு எதுக்கும்மா மெனக்கெடுற?” என்று நழுவிவிடுவான். மழைக்காலத்தில் கண்ணாடியில் உருளைக்கிழங்கைத் தேய்த்து ஓட்டுவான், தண்ணீர் ஒட்டாமல் வழியும் என்று. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நானே கிழங்கை நறுக்கிக் கொடுப்பேன். “குழம்புக்கு இல்லைன்னாலும் உன் காருக்கு உண்டு” என்று கேலி செய்வேன். அவனுக்காக ஊரெல்லாம் அலைந்து அதே மாடல் மோட்டார் ஒன்றைப் பிடித்தும் வைத்திருந்தேன்.

போன வாரம் அவன் வெளியூர் போயிருந்த சமயம், அண்ணியே காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

“அவர் வர்றதுக்குள்ள மோட்டாரை மாத்திடு. பாத்து அசந்து போகட்டும்.”

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். எதையும் கழற்றும் முன் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். கொடுத்தேன். மோட்டார் கிர்ரென்று ஓடியது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் இரண்டும் கீச்சிட்டுக்கொண்டே போய் வந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மோட்டாருக்கு வரும் வயர் அறுந்திருக்கவில்லை, எரிந்திருக்கவில்லை. யாரோ கையால் பிடுங்கி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். நுனியில் கறுப்பு டேப். அந்த டேப்பின் கடைசி விரற்கடை உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருந்தது.

டேப்பை அப்படி மடிப்பவன் என் அண்ணன்தான். “நாளைக்குப் பிரிக்கிறவன் நகம் உடையக் கூடாது பாரு” என்பான். நான் சிரிப்பேன். நான் எப்போதாவது வைப்பர் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடுவேன் என்று பயந்து வயரைப் பிடுங்கியவன், அதை வெறுமனே விட மனசு வராமல் பத்திரமாகச் சுற்றியும் வைத்திருக்கிறான். பொய் சொல்லும்போதும் ஷார்ட் ஆகிவிடக் கூடாதே என்ற கவலை. என் நகத்தாலேயே உரித்தேன். சுலபமாக வந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டானே. முகம் திருப்பிய மற்றவர்களாவது நேராகத் திருப்பினார்கள்.

ஊரிலிருந்து வந்ததும் சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தான்.

“மோட்டாரையே மாத்திட்டியாமே?”

டேப்பை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

“அப்பாவுக்குப் பயந்துட்டேன்மா. அன்னிக்கு நான் வீட்டை விட்டே கிளம்பல.”

“பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நாலு நாள் திட்டிட்டு மறந்திருப்பேனே அண்ணா. இத்தனை வருஷம் என் கையாலயே உருளைக்கிழங்கு நறுக்க வச்சியே!”

நான் சாவியை நீட்டினேன்.

“வயரை மாட்டிட்டேன். இனிமே எந்த மழையிலயும் நீ என் வீட்டுக்கு வரலாம். வராதே.”