லாபம், இரண்டு, மூன்று

துருவக் கடற்கரையில் கணக்கில் வராத முட்டை பொரிக்காது. அதனால்தான் வருஷாவருஷம் அரசாங்கம் ஆள் அனுப்பிப் பென்குயின் கூடுகளை எண்ணச் சொல்கிறது. இந்த வருஷம் அதிகாரி நான். என் வாயால் சொன்ன எண்தான் செல்லும். நோட்டில் குறித்துக்கொள்ளத் தூத்துக்குடி ஜெபராணி கூட வந்திருந்தாள்.

மொத்தம் நாலாயிரத்துப் பன்னிரண்டு கூடுகள். எண்ணி முடித்த பத்தாம் நாள் எல்லா முட்டையும் பொரித்தது, ஒன்றைத் தவிர. முதல் கூட்டுக்காரி பூங்கோதை என் கூடாரத்துக்கே வந்துவிட்டாள்.

"சார், எங்க வீட்டுக்கு மட்டும் நம்பர் விழலை. கடல் உறையறதுக்குள்ள பிள்ளை வெளிய வந்து நீந்தப் பழக வேண்டாமா?" என்று அழுதாள்.

ஜெபராணி நோட்டைப் புரட்டினாள். "அண்ணே, முதல் கூட்டுக்கு நீங்க ஒண்ணுன்னே சொல்லலியே. லாபம்னுல்லா சொல்லிருக்கிய!"

பின்னே? நீடாமங்கலத்தில் நெல் அளக்கிற குடும்பம் நாங்கள். முதல் மரக்காலை எவனாவது ஒன்று என்பானா? லாபம், இரண்டு, மூன்று. அப்படித்தான் வாய் வரும். மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை.

சரி என்று பக்கத்துக் கூட்டை லாபமாக வைத்து, பூங்கோதையை இரண்டு என்றேன். அவள் முட்டை லேசாக விரிசல் விட்டது. பக்கத்துக் கூட்டுக் குஞ்சு பேசாமல் முட்டைக்குள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ஓடு சாத்திக்கொண்டது. அதன் அப்பன் ஓடிவந்து என் முழங்காலில் கொத்தினான்.

"ஏன்யா, எங்க பிள்ளைதான் உனக்கு இளிச்சவாயனா?"

நியாயம்தானே. கொத்து வாங்கின காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். பிறகு என் நெஞ்சில் கைவைத்து "லாபம்" என்றேன். பூங்கோதை இரண்டு. கொத்தினவன் மூன்று.

இரண்டு முட்டைகளும் சேர்ந்து பிளந்தன. பூங்கோதையின் குஞ்சு தலையை நீட்டிக் கத்தியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் என்னைச் சுற்றி ஓடு மூடியது.

உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கிறது. பூங்கோதையும் அவள் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி அடைகாக்கிறார்கள். கப்பலேறுமுன் ஜெபராணி வந்து ஓட்டில் தட்டினாள். அடுத்த வருஷம் எண்ண வருகிறவர் கும்பகோணத்து நெல் மண்டிக்காரராம்.

என்னை வரிசையில் இரண்டாவதாக நகர்த்தி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.