வஸீமின் அம்மா யாரிடம் ஓடுவாள்?

1

உண்மையைச் சொல்லிவிடுவோம். இந்தக் கதை ஆசைப்பட்டு எழுதப்பட்டதல்ல, கேட்டுக்கொண்டதற்காக எழுதப்பட்டது. இராணுவம் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பிள்ளைகளுக்காக, லண்டன் கோலியர்ஸ் வுட் தமிழ்ச் சனங்கள் ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். பங்குக் கோயில் மலரில் வருடா வருடம் எழுதுகிறவள் என்று எமில்டாவைப் பிடித்து, ஒரு கதை வாசியுங்கோ என்றார்கள். மறுக்கத் தெரியாத மனுஷி. ஓம் என்றுவிட்டு வீட்டுக்கு வந்துதான் தலையில் கை வைத்தாள்.

முதல் தொடக்கம்: "நள்ளிரவில் கதவு உடைபட்டது. பூட்ஸ் சத்தம் மாடிப்படி..." (வெட்டியாயிற்று. நடக்காததை எழுதிவிட்டாள் என்றல்ல. இதைக் கேட்டால் சனம் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போய்விடும்.)

இரண்டாவது: "வஸீமுக்குப் பதினாலு வயது. மேற்குக் கரையில் ஹெப்ரோனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்லெறிந்தான் என்று பிடித்தார்கள்." இது நின்றது.

2

அந்த வரைவில் வஸீமின் அம்மா, முக்காடு சரிந்தது தெரியாமல், பங்குச் சுவாமி வீட்டுக்கு, பாதிரியாரிடம், ஓடுகிறாள். சுவாமி வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு இராணுவ முகாம் வாசலில் போய் நிற்கிறார். பொழுதுபடப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வருகிறார். எழுதி முடித்தபோது எமில்டாவுக்கே கண் கலங்கியது.

முதலில் வாசித்தவள் ஹம்சினி. கூட்டத்தில் சட்டம் பற்றிப் பேசப்போகிற இளம் வழக்கறிஞர்.

"அன்ரி, இவை முஸ்லிம் ஆக்களெல்லோ. சுவாமியிட்டை ஏன் ஓடீனம்?"

எமில்டாவின் முகம் செத்துப்போனது. அவள் பிறந்து வளர்ந்த மன்னாரில் இலங்கை ஆமி ஒரு பெடியனைக் கொண்டுபோனால் தாய் முதலில் ஓடுகிற இடம் சுவாமி வீடுதான். பிள்ளை சில வேளை வரும், சில வேளை வராது. ஆனால் ஓடுவதற்கு ஒரு இடம் இருந்தது. எமில்டாவின் எழுதுகிற கைக்கு வேறு பாதை தெரிந்திருக்கவில்லை, பாவம்.

சரி, சுவாமியை எடுத்தாயிற்று. இனி அந்தத் தாய் யாரிடம் ஓடுவாள்? சட்டம் இருக்குத்தானே, அதிட்டை ஓடட்டுமே என்று எமில்டா கேட்டாள். இருக்கு அன்ரி, இருக்கு என்று ஹம்சினி பொறுமையாக விளக்கினாள்.*

* சிறுவர் உரிமைகள் சமவாயம், முப்பத்தேழாம் உறுப்புரை: பிள்ளையைத் தடுத்து வைப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும், அதுவும் ஆகக் குறைந்த காலத்துக்கு. சட்ட உதவி விரைவாகக் கிடைக்கவேண்டும், குடும்பத்தோடு தொடர்பு இருக்கவேண்டும். இஸ்ரேலும் ஏற்றுக்கொண்ட சமவாயம் இது. ஆக்கிரமிக்கப்பட்ட இடத்து மக்களை அந்த இடத்துக்குள்ளேயே தடுத்து வைக்கவேண்டும் என்கிறது நான்காம் ஜெனீவா சமவாயம். நடப்போ வேறு. மேற்குக் கரைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே இராணுவ நீதிமன்றம். பலர் இஸ்ரேலுக்குள் இருக்கும் சிறைகளில். சிலர் மேல் குற்றச்சாட்டே கிடையாது. (கதைக்கு அடிக்குறிப்பு எதற்கு என்பீர்கள். இந்தச் சட்டத்தை அங்கேயும் இப்போதைக்கு அடியில்தான் போட்டிருக்கிறார்கள், என்ன செய்ய.)

3

மூன்றாம் வரைவில் வஸீம் ஒரு அறையில் தனியே இருக்கிறான். எபிரேய மொழியில் எழுதிய தாளொன்றை முன்னால் வைக்கிறார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைக்கிறான். "அவன் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து..." இந்த வசனம் எமில்டாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

மறுபடி வாசித்தபோதுதான் திக்கென்றது. அறை வஸீமுடையதல்ல. அவளுடைய அண்ணன் கிறிஸ்துராஜா மன்னாரில் பெடியனாக இருந்தபோது, வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்து வைத்த அறை. வீட்டுக்கு வந்த அன்று அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு தடவை சொன்னார். பிறகு ஜேர்மனி, பிறகு லண்டன், அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. விம்பிள்டனில் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறார். பதினாறு வயது மகள் ஷெறோனுக்கு இதொன்றும் தெரியாது. ஞாயிறு இருவரும் மண்டபத்தில் இருப்பார்கள். அண்ணைக்கு முதல் வரியிலேயே விளங்கிவிடும், பெட்டை ஷெறோனும் அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒன்று அவரிடம் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் கிழிக்கவேண்டும். எமில்டாவுக்குப் பயமாக இருந்தது.

பயத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

(அ) நீதிபதி சமவாயத்தைப் படித்துவிட்டு வஸீமை விடுகிறார். (ஹம்சினி சிரித்தாள்.)

(ஆ) தண்டனை கொடுக்கிறார்கள். (பிறகு?)

(இ) வஸீம் வளர்ந்து லண்டனுக்கு வந்து வயரிங்... (சீ. இதுவும் அண்ணையுடையது.)

4

சனிக்கிழமை அண்ணன் வீட்டுக் குசினியில் வைத்து வாசித்தாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. முடிந்ததும் வாசிக்கட்டோ விடட்டோ என்று கேட்டாள். அவர் எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்து, கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

"எல்லாம் சரி. ஒண்டுதான் பிழை. அவன் அழேல்லையெண்டு எழுதியிருக்கிறாய்."

பெடியன் கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன் என்று அவள் இழுத்தாள்.

"நான் அழுதனான், எமில்டா. அம்மா, அம்மா எண்டு கத்தி அழுதனான். அம்மாவுக்குக்கூட அதைச் சொல்லேல்லை."

குசினி வாசலில் ஷெறோன் நின்றாள். எப்போது வந்தாளோ தெரியாது. அப்போது உங்களுக்கு எத்தனை வயது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பதினைஞ்சு."

"என்னைவிடச் சின்னன், அப்பா," என்றாள் அவள் தமிழில். பிறகு வந்து அவர் பக்கத்தில் நின்று, ஈரக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கினாள். எமில்டா யன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

வாசி என்றார் அண்ணன், நாங்கள் முன்னுக்கு இருப்பம் என்றார்.

5

ஆகவே பல்லைக் கடித்த வசனம் போயிற்று. இப்போது இப்படி இருக்கிறது: "வஸீம் கையெழுத்து வைத்தான். பிறகு, அம்மா, அம்மா என்று கத்தி அழுதான்."

இதற்குப் பிறகு எமில்டாவிடம் ஒன்றும் இல்லை. அண்ணை வெளியே வந்தார், அது அவளுக்குத் தெரியும். வஸீம் வந்தானா என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதவும் ஏலாது. ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வேறொன்றும் பேசாமல், சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறாள். எவ்வளவு நேரமென்றாலும் நிற்பாள். நீங்களும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருங்கள். பிள்ளை அழுகிறது. ஆராவது சொல்லுங்கோ, இனி என்ன?